அடுத்த படம் வரும்வரை அண்டத்தை ஓட்டுவது எப்படி?

ஒரு விண்வெளி சாகசப் படம் தயாராகிறது, அது திரைக்கு வருவதற்கு முன்பே காமிக்ஸாகப் போட வேண்டும் என்று யாராவது உங்கள் முன் வந்து நின்றால், முடியாது என்று சொல்லிவிடுங்கள். கௌரவமான முன்னுதாரணம் உள்ள பதில் இது. ஜார்ஜ் லூகாஸ் ‘ஸ்டார் வார்ஸ்’ எடுத்துக்கொண்டிருந்த நாட்களில், அவருடைய விளம்பரப் பொறுப்பாளர் சார்லஸ் லிப்பின்காட் நியூயார்க்கில் மார்வெல் நிறுவனத்தின் படியேறினார். ஸ்டான் லீ பிடிகொடுக்கவில்லை. விண்வெளிக் கதை காமிக்ஸில் போணியாகாது என்பது அன்று தொழிலில் இருந்தவர்களுக்கு அரிச்சுவடி.

முடியாது என்று சொன்னால் விட மாட்டார்கள். அடுத்து ஓவியங்களைக் காட்டுவார்கள். அங்கேதான் ஜாக்கிரதை தேவை. ராய் தாமஸ் விழுந்தது அங்கேதான். மார்வெலின் முன்னாள் தலைமை ஆசிரியர், கோனன் காமிக்ஸ் எழுதிப் பெயர் வாங்கியவர், லேசில் மசிகிற ஆள் இல்லை. ரால்ஃப் மெக்குவாரி தீட்டிய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், மதுக்கடைக்குள் துப்பாக்கிச் சண்டை நடக்கும் படத்தில் நின்றுவிட்டார். அடடே, இது ராக்கெட்டில் ஏறிய கௌபாய் கதையல்லவா என்று தோன்றிவிட்டது. போய் ஸ்டான் லீயிடம் பேசினார். வேலை உறுதியானது.

ஒப்பந்தம் போடும்போது யார் முகத்தில் சிரிப்பு இருக்கிறது என்று பாருங்கள். முதல் ஒரு லட்சம் பிரதிவரை லூகாஸ் தரப்புக்குக் காலணா தர வேண்டாம் என்பது ஏற்பாடு. முதல் இதழ் 1977 ஏப்ரலில், அட்டையில் ஜூலை என்று போட்டுக்கொண்டு, 30 சென்ட் விலையில் கடைக்கு வந்தது. படம் மே 25-இல் வந்தது. அப்புறம் மறுபதிப்புக்கு மேல் மறுபதிப்பு, பத்து லட்சம் பிரதியைத் தாண்டிவிட்டது. அந்தக் காலகட்டத்தில் மார்வெல் மூழ்காமல் தப்பியதே இந்த ஒரு தொடரால்தான் என்று பிற்பாடு தலைமை ஆசிரியரான ஜிம் ஷூட்டர் சொல்லியிருக்கிறார். இதில் எழுதியவருக்கு என்ன என்று கேட்க வாயெடுக்கிறீர்கள். பக்கக் கூலி. பேசியபடி, தவறாமல்.

பார்க்காத ஆளை வரைவது

கையில் ஒரு திரைக்கதை வரும். சில புகைப்படங்கள் வரும். படம் வராது, ஏனென்றால் படம் இன்னும் முடியவில்லை. திரைக்கதையில் இருக்கும் எந்தக் காட்சியை இயக்குநர் கடைசியில் வெட்டுவார் என்று உங்களுக்குத் தெரியாது. அவருக்கே தெரியாது. ஆகவே எல்லாவற்றையும் வரையுங்கள்.

ஜப்பா என்றொரு கடத்தல் முதலாளி. ஹான் சோலோ அவனுக்குக் கடன்பட்டவன். திரைக்கதையில் இருவரும் நேருக்கு நேர் பேசுகிற காட்சி இருந்தது. ஒரு மனித நடிகரை வைத்துப் படமும் பிடித்தார்கள். பிறகு வெட்டிவிட்டார்கள். ஓவியர் ஹாவர்ட் சைக்கினுக்கு இந்தச் சமாசாரம் எப்படித் தெரியும்? இரண்டாம் இதழில் அவருடைய ஜப்பா ஒல்லியாக, மஞ்சள் தோலோடு, கடல்யானை மீசையோடு இரண்டு காலில் நடந்து வருகிறான். பார்க்க யாரோ சிடுசிடு மேலதிகாரி மாதிரி இருக்கிறான். ஆறு வருஷம் காமிக்ஸ் வாசகனுக்கு ஜப்பா என்றால் அந்த மீசைக்காரன்தான். 1983-இல் ‘ரிட்டர்ன் ஆஃப் த ஜெடை’ வந்தபோது, திரையில் ஒரு மேடை நிறைய நத்தை போலக் கிடந்து தவளை தின்றது ஜப்பா. யாரும் உங்களுக்குக் கடிதம் போட்டு வருத்தம் தெரிவிக்க மாட்டார்கள். நீங்களும் தெரிவிக்கத் தேவையில்லை. அந்த மீசையை நான் இன்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கடனைத் திருப்பிக் கேட்கிற முகம் அதுதான்.

ஜெடை குரு யோடாவுக்கும் இதே கதி. ‘த எம்பயர் ஸ்டிரைக்ஸ் பேக்’ 1980-இல் வந்தது. அதற்காக முந்திக்கொண்டு அச்சேறிய கையடக்கப் பதிப்பில் யோடா ஊதாத் தோலும் நீண்ட வெள்ளை முடியுமாக நிற்கிறார். மாத இதழுக்கு வருவதற்குள் அவசர அவசரமாகத் திருத்தி வரைந்தார்கள். முதல் இதழின் அட்டையில் வில்லன் டார்த் வேடரின் தலைக்கவசம் பச்சையாக இருப்பதைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். மட்டமான தாளில் புள்ளி புள்ளியாக நிறம் அடித்த காலம். கறுப்புக்கு மினுமினுப்புக் கொடுக்க நீலத்தையோ பச்சையையோ தடவுவார்கள். அன்று பச்சை கைக்கு வந்திருக்கிறது.

வாடகை வீட்டு விதி

படத்தின் கதை ஆறு இதழில் தீர்ந்துவிடும். ஏழாவது மாதமும் அச்சகம் உங்கள் பக்கங்களுக்காகக் காத்திருக்கும். உண்மையான வேலை இங்கேதான் தொடங்குகிறது.

அப்போது ஒரு தாக்கீது வரும். வேடரை அதிகம் தொடாதே. நாயகன் லூக்குக்கும் இளவரசி லேயாவுக்கும் காதல் கீதல் வளர்க்காதே. பழைய போர்களைப் பற்றி வாய் திறக்காதே. ஏன் என்று கேட்காதீர்கள், காரணம் அடுத்த படத்தில் இருக்கிறது. (லூக்கும் லேயாவும் அண்ணன் தங்கை என்ற விஷயம் 1983-இல் தியேட்டரில்தான் உங்களுக்குத் தெரியவரும். அன்று இரவு பழைய இதழ்களை எடுத்துப் புரட்டாமல் இருப்பது நல்லது. 1977-இல் லூகாஸுக்கே அது தெரிந்திருந்ததா என்பதில் எனக்குப் பலத்த சந்தேகம் உண்டு.) மொத்தத்தில் இது வாடகை வீடு. குடியிருக்கலாம், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, காலி செய்யும்போது எல்லாம் வந்த நாளில் இருந்தபடியே இருக்க வேண்டும்.

இந்த நெருக்கடியில் மாட்டிய ராய் தாமஸ், மிச்சமிருந்த ஹான் சோலோவையும் அவன் கூட்டாளி சூபாக்காவையும் ஆடூபா-3 என்ற கிரகத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். குரோசாவாவின் ‘ஏழு சாமுராய்’ கதையை எடுத்துக்கொண்டார். கொள்ளைக்காரர்களிடமிருந்து ஒரு கிராமத்தைக் காக்க ஏழு பேர் வேண்டும். தன்னை ஜெடை வீரன் என்று நம்பிக்கொண்டிருக்கும் கிறுக்குக் கிழவர் ஒருவர். பெயர் டான்-வான் கிஹோட்டே, டான் கிஹோட்டேக்கு அண்டவெளி அவதாரம். முள்ளம்பன்றி ஜாதியில் ஒருவன். கூடவே, எட்டாம் இதழில், ஆளுயரப் பச்சை முயல் ஒன்று. பெயர் ஜாக்ஸன். சிவப்பு உடுப்பு, கையில் துப்பாக்கி, தூக்கி நிற்கும் காது, வாய் ஓயாத பேச்சு. பக்ஸ் பன்னி கார்ட்டூனைப் பார்த்து வளர்ந்த ஆளுக்கு இப்படி ஒரு ஆசை வருவது இயற்கை.

லூகாஸ் தரப்புக்கு முயல் பிடிக்கவில்லை. பத்தாம் இதழோடு தாமஸ் விலகிக்கொண்டார். பாடம்: ஆயிரம் வகைப் பிராணி உலவும் மதுக்கடையை நீங்கள் வரையலாம். வாலும் கொம்பும் வைக்கலாம், தலையைச் சுத்தியல் வடிவில் நீட்டலாம். ஆனால் வாசகனுக்கு ஏற்கெனவே தெரிந்த பிராணியாக மட்டும் இருக்கக் கூடாது. நாற்பது வருஷம் கழித்து, 2018-இல், வேறொரு பதிப்பகத்தின் ஆண்டு மலரில் ஜாக்ஸன் ஜாம்ஜாமென்று திரும்பி வந்தது. அதுவரை பொறுமை காத்த முயலை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் மரியாதையாகத்தான் இருக்கிறது.

கொடுத்ததைத் திரும்ப வாங்கும் கலை

தாமஸுக்குப் பின் வந்த ஆர்ச்சி குட்வின் இந்தத் தொழிலின் முழு நுணுக்கமும் தெரிந்தவர். 28-ஆம் இதழில் என்ன செய்தார் தெரியுமா? ஹான் சோலோ ஜப்பாவின் உயிரைக் காப்பாற்றுகிறான். மீசைக்காரன் மனமிரங்கி மொத்தக் கடனையும் தள்ளுபடி செய்துவிடுகிறான். எவ்வளவு நல்ல முடிவு! வாசகன் நிம்மதியாக மூச்சு விட்டான்.

அப்புறம் தெரிந்தது, 1980-இல் வரப்போகும் படம் ஹான் சோலோவின் தலைக்கு இன்னும் விலை இருக்கிறது என்ற இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. கடன் அடைந்துவிட்டால் அவனை எவன் துரத்துவான்? எவன் உறைய வைப்பான்? ஆகவே 37-ஆம் இதழில் ஜப்பா ஒரு சாக்கைக் கண்டுபிடித்துக் கடனை மறுபடி தலையில் கட்டினான். 39-ஆம் இதழில் புதுப்படத்தின் கதை தொடங்கியது. இரண்டே இரண்டு இதழ் இடைவெளி. இதைத்தான் நீங்கள் பழக வேண்டும். கதாபாத்திரத்துக்கு நல்லது நடக்கட்டும், தாராளமாக நடக்கட்டும். ஆனால் ரசீதைக் கிழித்துப் போடாதீர்கள்.

படம் சொல்லாமல் விட்ட இடம் ஒன்று கிடைத்தால் அதை விட்டுவிடாதீர்கள். பேரரசின் ஆயுதமான மரண நட்சத்திரத்தை வெடிக்க வைத்த பையன் லூக்கின் பெயர் வேடருக்கு எப்போது தெரிந்தது? முதல் படத்தில் தெரியாது, இரண்டாம் படத்தில் தெரியும். இந்த ஓட்டைக்குள் குட்வின் பல மாதக் கதையை நுழைத்தார். அந்தப் பெயரை மறைக்கத்தான் 29-ஆம் இதழில் வேலன்ஸ் என்ற கூலி வேட்டைக்காரன் வேடரோடு மோதிச் செத்தான். பாதி உடம்பு இயந்திரம், ஆனால் இயந்திர மனிதர்களைக் கண்டாலே ஆகாதவன். கதாநாயகர்களைத் தொட முடியாத தொடரில் ஒரு உபபாத்திரம் இப்படிச் சாக முடிந்ததே பெரிய விஷயம். 2015-இல் மார்வெல் மறுபடி ‘ஸ்டார் வார்ஸ்’ தொடங்கியபோது அதே ஓட்டையை முதலிலிருந்து அடைத்தார்கள். இந்தத் தடவை போபா ஃபெட் என்ற கூலி வேட்டைக்காரன் வந்து ஒரே ஒரு சொல் சொல்கிறான்: ஸ்கைவாக்கர். வேடர் கப்பலின் பெரிய ஜன்னல் முன் முதுகைக் காட்டி நிற்கிறார். வாயே திறக்கவில்லை. கண்ணாடி விரிசல் விடுகிறது. ஒரே காலியிடத்தை இரண்டு தலைமுறை எழுத்தாளர்களுக்கு விற்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

சமயத்தில் உங்கள் சரக்கு அவர்கள் சரக்கோடு மோதும். டேவிட் மிஷலினி, புது மரண நட்சத்திரம் ஒன்று கட்டுகிறார்கள் என்று கதை யோசித்தார். கூடாது என்று பதில் வந்தது. காரணம் சொல்லவில்லை. மிஷலினி உருண்டையை எடுத்துவிட்டுப் பீரங்கியை மட்டும் வைத்துக்கொண்டார். டார்க்கின் என்று பெயர் சூட்டினார். 51, 52-ஆம் இதழ்களில் அதைக் கட்டி அதிலேயே உடைத்தும் விட்டார். 1983 படத்தில் இரண்டாவது மரண நட்சத்திரம் வந்து நின்றபோது, காரணம் சொல்லாத அந்த மறுப்பின் காரணம் விளங்கியது. உங்கள் யோசனையை நிராகரித்தார்கள் என்றால் அது மட்டமான யோசனை என்று அர்த்தமில்லை. அவர்களுக்கும் அதுவே தோன்றியிருக்கலாம்.

ஐஸில் உறைந்த நாயகனும் குழியில் விழுந்த வில்லனும்

1980 படத்தின் முடிவில் ஹான் சோலோ கார்பனைட்டில் உறைந்துபோனான். அடுத்த படத்துக்கு மூன்று வருஷம். மாதா மாதம் காமிக்ஸ் வர வேண்டும், ஆனால் வாசகனுக்குப் பிடித்த ஆள் பலகை மாதிரி எங்கோ சாய்ந்து நிற்கிறான். அவனைக் கண்டுபிடிக்கவும் கூடாது, தேடாமல் இருக்கவும் கூடாது. இதற்கு ஒரே வழி, நண்பன் லேண்டோவையும் சூபாக்காவையும் தேட அனுப்புவது. தப்பான கிரகமாகப் பார்த்து அனுப்ப வேண்டும். மூன்று வருஷமும் தடயம் கிடைக்க வேண்டும், ஆள் கிடைக்கக் கூடாது. ஆசை தாங்கவில்லை என்றால் முன்கதை ஒன்று போட்டு அதில் ஹானைச் சிரிக்க வைத்துக்கொள்ளலாம்.

போபா ஃபெட் விவகாரம் இன்னும் விசேஷம். மூன்றாம் படத்தில் பாலைவனத்துச் சார்லாக் குழிக்குள், ஒரு கூச்சலோடு, பரிதாபமாக விழுந்து முடிந்தான். வாசகர்களுக்கு மனசு ஆறவில்லை. ஜோ டஃபி 81-ஆம் இதழில் அவனை வெளியே எடுத்தார். பழைய இரும்பு பொறுக்கும் ஜாவாக்கள் அவனை ஏதோ பழைய இயந்திரம் என்று நினைத்து வண்டிக்குள் போட்டுக்கொள்கிறார்கள். அவனுக்குத் தான் யார் என்றே நினைவில்லை. ஹான் சோலோ, யாரென்று தெரிந்தும், அவனைக் காப்பாற்றக் கை நீட்டுகிறான். அந்த நொடியில் நினைவு திரும்பிவிடுகிறது. நினைவு வந்ததும் அவன் செய்கிற முதல் காரியம் ஹானைச் சுடுவது. வண்டி நேரே அதே குழிக்குள் விழுகிறது. ஒரே இதழ், உள்ளே, வெளியே, மறுபடி உள்ளே, வீட்டுக்காரருக்கு ஒரு பைசா சேதமில்லை. வாடகை வீட்டு விதியைச் சிரித்துக்கொண்டே கடைப்பிடிக்க முடியும் என்று காட்டிய இதழ் இது. 1990-களின் தொடக்கத்தில் இன்னொருவர் அவனை வெளியே எடுத்தார். கிட்டத்தட்ட முப்பது வருஷம் கழித்துத் தொலைக்காட்சியில் மறுபடியும் எடுத்தார்கள். அந்தக் குழியில் விழுவது ஒன்றும் பெரிய விஷயமில்லை போலிருக்கிறது.

ஆணி அடிக்க ஒரே இடம்

நாயகனைக் கொல்ல முடியாது, கெடுக்க முடியாது, கல்யாணம் பண்ணி வைக்க முடியாது. ஆகவே கொல்லவும் கெடுக்கவும் சொந்தமாக ஆட்களைச் செய்துகொள்ளுங்கள். முழு 107 இதழில் என் கணக்கில் மிகச் சிறந்த கதை இப்படித்தான் பிறந்தது.

மிஷலினியும் வால்ட் சைமன்சனும் ஷிரா ப்ரீ என்ற பெண் விமானியைக் கொண்டுவந்தார்கள். சிரித்த முகம், நல்ல தோழி, எல்லோருக்கும் பிடித்தவள். ஒரு சண்டையில் கிளர்ச்சிக்காரர்கள் எதிரியிடம் திருடிய விமானங்களில் பறக்கிறார்கள். யார் நம் ஆள், யார் எதிரி என்று கருவிக்குத் தெரியவில்லை. லூக் கண்ணை நம்பாமல் தன் உள்ளுணர்வை, அவர்கள் பாஷையில் ஃபோர்ஸை, நம்பிச் சுடுகிறான். குறி தப்பவில்லை. விழுந்தது ஷிராவின் விமானம்.

இப்போது அவனைத் தோழர்களே ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவனும் தன்னை நம்பவில்லை. முதல் படம் முழுக்கக் கருவியை அணைத்துவிட்டு உன்னை நம்பு என்று சொல்லிக் கொடுத்ததே, அந்தப் பாடத்தையே சந்தேகத்தில் நிறுத்திவிட்டார்கள். கடைசியில் ஷிரா வேடர் அனுப்பிய உளவாளி என்று தெரிகிறது, குறி சரியாகத்தான் இருந்திருக்கிறது. வாடகை வீட்டில் ஒரு செங்கல்கூட நகரவில்லை. ஆனால் லூக் அந்தச் சில மாதங்கள் பட்ட பாட்டை எந்தப் படமும் காட்டியதில்லை. ஷிராவும் சாகவில்லை. பிற்பாடு ஜோ டஃபி அவளை ஒளிச்சாட்டையோடு லூமியா என்ற பெயரில் எழுப்பி நிறுத்தினார்.

கொண்டாட்டமான மாதங்கள் 1983-க்குப் பிறகு வரும். படங்கள் முடிந்தன, பேரரசு ஒழிந்தது, கட்டுப்பாடும் தளர்ந்தது. எதையும் எழுதலாம். வாங்கத்தான் ஆளில்லை. வெளிறிய நாகாய்களையும் பருத்த பச்சை டோஃப்களையும் மோதவிட்டுப் பார்த்தார்கள். 1986-இல், 107-ஆம் இதழில், அந்த மாபெரும் அண்டப் போர் அவசர அவசரமாகச் சமாதானமாகி எல்லோரும் சேர்ந்து போஸ் கொடுத்துக் கடை சாத்தினார்கள். உங்களுக்கும் இப்படி ஒரு கடிதம் வரும். அன்றே கதையை முடித்துவிடுங்கள், யாரும் பதில் கேட்க மாட்டார்கள்.

பிறகு நடப்பதற்கு நீங்கள் பொறுப்பில்லை. டார்க் ஹார்ஸ் பதிப்பகம் 1991-இல் ‘டார்க் எம்பயர்’ கொண்டுவந்தது. செத்த பேரரசர் நகல் உடம்பில் எழுந்து வந்தார். இதெல்லாம் ஆகிற கதையா என்று பலர் முகம் சுளித்தார்கள். 2012-இல் டிஸ்னி சுமார் 400 கோடி டாலர் கொடுத்து லூகாஸ்ஃபிலிமை வாங்கியது. 2014 ஏப்ரலில், இதுவரை வந்த காமிக்ஸும் நாவலும் செல்லாது, இனி அவை வெறும் பழங்கதை என்று அறிவித்தார்கள். 2019 டிசம்பரில் ‘த ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்’ வந்தது. செத்த பேரரசர் நகல் உடம்பில் எழுந்து வந்தார். இன்னொன்றும் உண்டு: ஆடூபா-3 கிராமத்தைச் சூறையாடிய கொள்ளைக் கும்பலின் பெயர் கிளவுட் ரைடர்ஸ். 2018-இல் ஹான் சோலோவின் படத்தில் அதே பெயரில் ஒரு கும்பல் வந்து போனது. உங்கள் பங்கு என்ன என்று கேட்டு வழக்குப் போடும் யோசனை வேண்டாம். நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் எல்லாம் அவர்களுடையது என்றுதான் எழுதியிருந்தது.

உங்களுடையது என்று மிஞ்சுவது அச்சான தாள் மட்டும். ஆகவே முதல் இதழ் வந்த அன்றே கடைக்குப் போய், கம்பிச் சுழல்தட்டில் இருப்பதை அள்ளிக்கொண்டு வாருங்கள். பெரும்பாலானவற்றில் 30 சென்ட் என்று இருக்கும். அவற்றைப் பேரக்குழந்தைகளுக்குக் கொடுக்கலாம். சில ஊர்களில் மட்டும், விலையைக் கூட்டினால் வாங்குவார்களா என்று ஆழம் பார்க்க, அதே இதழை 35 சென்ட் என்று அச்சடித்து அனுப்பினார்கள். சேகரிப்பவர்கள் அதற்குத்தான் அலைகிறார்கள். ஆனால் 35 என்று கண்டதும் துள்ளாதீர்கள், மறுபதிப்பிலும் 35 போட்டிருக்கிறார்கள். விலை சாய்சதுரக் கட்டத்துக்குள் இருந்தால் மறுபதிப்பு. நேர்ச் சதுரத்துக்குள் இருந்து, கீழே பார்கோடும் முழுசாக இருந்தால், அந்தப் பிரதியை விரித்துப் படிக்கக்கூட வேண்டாம். ஆசிட் கலக்காத அட்டையை முதுகில் வைத்து உறையில் போட்டுப் பீரோவில் பூட்டுங்கள். பச்சை முயலுக்குக் கிடைக்காத ஓய்வூதியம் உங்களுக்குக் கிடைக்கும்.